96 : 4
கோவை மாமன்றத் தேர்தல் முடிவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

2022 பிப்ரவரி 22 அன்று கோயமுத்தூர் மாநகராட்சியின் வாக்குகள் எண்ணப்பட்டபோது 100 வார்டுகளில் 96 திமுக கூட்டணிக்குப் போயின. அதிமுகவுக்கு 3. எஸ்.டி.பி.ஐ.க்கு 1. பாஜகவுக்கு ஒன்றுமில்லை. இதற்கு ஒன்பதரை மாதம் முன்னால், 2021 மே 2 அன்று வெளியான சட்டமன்ற முடிவுகளில், இதே கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக - பாஜக அணி எடுத்திருந்தது. அன்று திமுக அணிக்கு ஒன்றுமில்லை.

ஊர் அதே ஊர். வாக்காளர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். ஒன்பது மாதத்தில் கொங்கு மக்களின் மனம் தலைகீழாகப் புரண்டுவிட்டது என்று நாளிதழ்கள் எழுதின. "கோட்டை தகர்ந்தது" என்பது தலைப்பு. முந்திய மே மாதத்தில் "கோட்டை காக்கப்பட்டது" என்று எழுதியதும் இதே பேனாக்கள்தான். கோட்டை என்ற இந்த உருவகத்தை முதலில் கைவிட வேண்டும். ஒரு வட்டாரத்து மக்களுக்கு மாறாத ஒரே மனம் உண்டு, அந்த மனத்துக்கு ஒரு கட்சி உரிமையாளர் என்ற கருத்தியல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. சாதியையும் வட்டாரத்தையும் ஒன்றாக்கிப் பேசும் சொல்லாடலுக்கு அது ரொம்பவும் வசதியானது.

முடிவு என்பது மக்கள் மனத்தின் நேரான நிழற்படம் அல்ல. விழுந்த வாக்குகள், அவற்றை இடங்களாக மாற்றும் விதி, அந்த இடங்களுக்கு இருக்கும் அதிகாரம் என்று மூன்று அடுக்குகள் அதில் உண்டு. நம் விவாதங்கள் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்குறிப்புகளின் வேலை.

2

முதலில் விதி. இங்கே ஒரு வார்டில் யார் மற்றவரைவிட ஒரு வாக்கு அதிகம் பெறுகிறாரோ அவரே கவுன்சிலர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்றில்லை. இது பிரிட்டிஷ்காரர் விட்டுப்போன முறை.

கணக்குக்காக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். கோவையில் அப்போது ஏறத்தாழ 15 லட்சம் வாக்காளர்கள்; வார்டுக்குச் சராசரி 15 ஆயிரம் பேர். பாதிக்குச் சற்று மேலே வாக்களித்தார்கள். ஆக ஒரு வார்டில் 8000 வாக்கு என்று வைப்போம். ஓர் அணிக்கு 3600, எதிர் அணிக்கு 2600, மூன்றாமவருக்கு 1000, மீதிப் பேருக்கு 800. முதல் அணி வாங்கியது 45 சதவீதம். ஜெயித்தாச்சு. இதே விகிதம் நூறு வார்டிலும் சீராகப் பரவியிருந்தால் 45 சதவீத வாக்குக்கு 100 சதவீத இடம் கிடைக்கும். மீதி 55 சதவீதம் மன்றத்துக்குள் இருக்கவே இருக்காது. இது கற்பனைக் கணக்கு; கோவையின் வாக்கு விகிதம் இதுதான் என்று சொல்லவரவில்லை. ஆனால் 96 எப்படிச் சாத்தியமாகிறது என்பதை இந்தக் கணக்கு விளக்கிவிடுகிறது.

இதே கணக்கில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 2600ஐயும் 1000த்தையும் கூட்டினால் 3600. அதாவது இரண்டாமவரும் மூன்றாமவரும் சேர்ந்து நின்றிருந்தால் போட்டி சமநிலைக்கு வந்திருக்கும். 2021இல் ஒன்றாக நின்ற அதிமுகவும் பாஜகவும் 2022 நகர்ப்புறத் தேர்தலில் தனித்தனியாக நின்றன. திமுக பக்கமோ காங்கிரஸ், இரு கம்யூனிஸ்ட் கட்சிகள், மதிமுக, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, மனிதநேய மக்கள் கட்சி எல்லாம் ஒரே பந்தலில்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் கோவையிலேயே கிடைக்கிறது. 2021இல் கோவை தெற்குத் தொகுதியில் பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209 வாக்குகள் பெற்று வென்றார். கமல்ஹாசனுக்கு 51,481. காங்கிரசின் மயூரா ஜெயக்குமாருக்கு 42,383. வித்தியாசம் 1,728. தோற்ற இருவரின் வாக்குகளைக் கூட்டினால் 93,864. அன்று ஒரு பக்கம் பிளந்தது. ஒன்பது மாதம் கழித்து மறு பக்கம் பிளந்தது. மனம் புரண்டது என்று சொல்லுமுன் இந்தப் பிளவுகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பின்னும் ஒரு மாற்றம் மிஞ்சும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மிஞ்சுவது நாளிதழ்த் தலைப்பு அளவுக்குப் பெரிதாக இருக்காது.

எஸ்.டி.பி.ஐ.யின் அந்த ஒரே இடம் இதே விதியின் இன்னொரு முகம். நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆதரவுக்கு இந்த முறையில் மதிப்பில்லை. ஒரே இடத்தில் குவிந்த சிறு ஆதரவுக்கு மதிப்பு உண்டு. 1997 நவம்பர் கலவரமும் 1998 பிப்ரவரி குண்டுவெடிப்புகளும் நடந்தபின் இந்த நகரில் முஸ்லிம்களின் குடியிருப்பு மேலும் ஒதுங்கியது, குவிந்தது. ஒதுக்கப்பட்டதன் தழும்பே ஒரு வார்டின் பெரும்பான்மையாக மாறுகிறது. அதற்கு மாறாக, மாவட்டத்தில் ஒரு சட்டமன்ற உறுப்பினரை வைத்திருந்த பாஜகவுக்கு மாமன்றத்தில் ஓர் இடமும் இல்லை. அதைப் பார்த்து "கோவையில் பாஜக இல்லை" என்று மகிழ்ந்த தோழர்கள் 2024 மக்களவைத் தேர்தலைப் பார்த்து விழித்துக்கொண்டிருப்பார்கள். அதில் அண்ணாமலை நாலரை லட்சம் வாக்குகளோடு இரண்டாமிடம் வந்தார். மன்றத்தில் தெரியாதது தெருவில் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து.

இதை நம்ம ஊர் நோய் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த முறை பிறந்த இங்கிலாந்திலும் இதே கதைதான். லண்டன் மாநகரின் நியூஹாம் பரோ, நம் தமிழர்கள், குறிப்பாக ஈழத்தமிழர்கள், நிறையப் பேர் வாழும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய பகுதி. அங்கே 2010, 2014, 2018 மூன்று தேர்தல்களிலும் மன்றத்தின் 60 இடங்களையும் தொழிற்கட்சியே எடுத்தது. எதிர்க்கட்சி என்று ஒரு நாற்காலிகூட இல்லை. 2022இல்தான் 66 இடங்களில் இரண்டை பசுமைக் கட்சி பிடித்தது. பக்கத்து ஸ்காட்லாந்து 2007 முதல் உள்ளாட்சிக்கு விகிதாச்சாரத் தன்மையுள்ள முறைக்கு மாறிவிட்டது. அங்கே ஒரு வார்டுக்குப் பல உறுப்பினர்கள். வாக்காளர் வரிசைப்படுத்தி வாக்களிக்கிறார். ஒரே கட்சி வாரிச் சுருட்டிக்கொள்வது அங்கே அரிது. விதியை மாற்ற முடியும் என்பதற்கு இது சாட்சி. சிறு கட்சிகளும் இயக்கங்களும் நிறைந்த தமிழ்நாட்டில் இந்தக் கோரிக்கை உரத்து எழாததற்கு ஒரு காரணம், சிறு கட்சிகள் பெரிய கட்சியிடம் இடம் கேட்டு வாங்கிப் பழகிவிட்டதுதான்.

3

இரண்டாவது, உள்ளாட்சிக்கே உரிய ஓர் ஈர்ப்பு விசை. மாநிலத்தில் எந்தக் கட்சி ஆள்கிறதோ அதுவே உள்ளாட்சியிலும் ஜெயிக்கும் என்பது இங்கே கிட்டத்தட்ட எழுதாத சட்டம். 1981இல் மாநகராட்சி ஆன கோவை தன் முதல் மேயரை 1996இல்தான் கண்டது. அப்போது ஆட்சியில் திமுக. மேயர் அதன் கூட்டாளியான தமாகாவின் கோபாலகிருஷ்ணன். 2001இல் அதிமுக ஆட்சி. மேயர் அதிமுகவின் மலரவன். 2006இல் திமுக ஆட்சி. மேயர் கூட்டணிக் காங்கிரசின் வெங்கடாசலம். 2011இல் அதிமுக ஆட்சி. மேயர் அதிமுகவின் செ.ம. வேலுசாமி. 2022இல் திமுக ஆட்சி. மேயர் திமுகவின் கல்பனா ஆனந்தகுமார். ஐந்துக்கு ஐந்து. இப்படி ஒழுங்காக மாறிவரும் ஊரை ஒரு கட்சியின் கோட்டை என்று எப்படிச் சொல்வது?

இதை வாக்காளரின் அடிமைப் புத்தி என்று திட்டுவது படித்தவர் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுன்சிலரிடம் மக்கள் கேட்பது சாக்கடை, தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், பட்டா, முதியோர் பென்ஷன். இவற்றுக்கான காசும் உத்தரவும் கோட்டையிலிருந்து, நிஜக் கோட்டையான செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து, வருகின்றன. எதிர்க்கட்சிக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தால் நம்ம வீதிக்கு ஒண்ணும் நடக்காது என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. "ஆளுங்கட்சிக்காரன்னா ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுவானுங்க" என்று கொங்குச் சீமையின் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். அந்த ஒற்றை வாக்கியத்தில் இந்திய உள்ளாட்சி பற்றிய ஒரு முழு விமர்சனம் இருக்கிறது. கிராம்சி சொன்ன மேலாண்மையை, அதாவது ஆளப்படுவோரின் சம்மதத்தைப் பெற்று ஆள்வதை, இங்கே வெறும் கருத்து மட்டத்தில் தேடினால் கிடைக்காது. அது தண்ணீர்க் குழாயின் வழியாக வேலை செய்கிறது. இதோடு பணமும் பரிசுப் பொருளும் சேர்கின்றன. 2022 தேர்தலின்போது கோவையில் அந்தப் புகார்கள் பெரிதாக எழுந்தன. ஆனால் பணம் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது என்பது, ஏழைகளுக்குக் காரணகாரிய அறிவு கிடையாது என்று சொல்வதற்குச் சமம்.

ஆட்கள் கட்சிகளுக்கிடையே எவ்வளவு சுலபமாகப் பாய்கிறார்கள் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2014 மேயர் இடைத்தேர்தலில் திமுக போட்டியிடவில்லை. அதிமுகவின் கணபதி ராஜ்குமார் பாஜகவைத் தோற்கடித்து மேயரானார். அதே ராஜ்குமார் 2024இல் திமுக வேட்பாளராக அண்ணாமலையை 1,18,068 வாக்குகளில் வென்று மக்களவைக்குப் போனார். வார்டு மட்டத்தில் கட்சி என்பது பல நேரங்களில் ஓர் உறவுவலை. சாதி, நிலத்தொழில், ஒப்பந்த வேலை, கோயில் கமிட்டி எல்லாம் அதில் முடிச்சுகள். ஆட்சி மாறும்போது வலை அப்படியே இருக்கிறது. அது மாட்டியிருக்கும் ஆணி மட்டும் மாறுகிறது.

4

மூன்றாவது அடுக்கு, அதிகாரம். மாமன்றத்துக்கு என்னதான் இருக்கிறது?

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு 18 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றை மாநிலம் "வழங்கலாம்" என்றே சொன்னது. வழங்கியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பதைக் கட்டாயமாக்கியது. அதுவும் என்ன ஆயிற்று? தமிழ்நாட்டில் 1986க்கு அடுத்து 1996இல்தான் உள்ளாட்சித் தேர்தல். பிறகு மூன்று முறை ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. அந்த மாதமே மாமன்றத்தின் ஆயுள் முடிந்தது. அடுத்த மேயர் பதவியேற்றது 2022 மார்ச்சில். ஐந்தாண்டுக்கு மேல் கோவையைத் தனி அலுவலர் ஆண்டார். அந்தக் காலத்தில் மாநிலத்தின் உள்ளாட்சித் துறை அமைச்சர் கோவைக்காரரான எஸ்.பி. வேலுமணி என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அந்த வெற்றிடத்தில் என்ன நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 2018இல், பழைய மாநகராட்சிப் பகுதியின் 60 வார்டுகளுக்கு 24 மணி நேரமும் குடிநீர் தரும் பணி பிரான்சின் சூயஸ் நிறுவனத்துக்கு 26 ஆண்டுகளுக்கு ஒப்பந்தமாகத் தரப்பட்டது. மதிப்பு மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். கையெழுத்தானபோது கேள்வி கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை. 26 ஆண்டு என்றால் ஐந்து மாமன்றங்களின் ஆயுள். எதிர்க்கட்சியாக இருந்த திமுக இதைக் கடுமையாக எதிர்த்தது. இடதுசாரிகள் தெருவில் நின்றார்கள். 2022இல் 96 பேரோடு மாமன்றத்துக்குள் நுழைந்தபின்னும் சூயஸ் வேலை தொடர்ந்தது.

நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு தண்ணீரைக் கணக்குப் பார்த்தே வாழும் ஊர் இது. சிறுவாணியைக் கொண்டுவந்த பெருமையை ஊர் இன்றும் நகராட்சித் தலைவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாருக்கே தருகிறது. ஆர்.எஸ். புரம் அவர் பெயர்தான். ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்துதான் பெரியார் பொதுவாழ்வைக் கற்றார். 1919 வாக்கில் அதைத் துறந்து காங்கிரசுக்குப் போனார். வரி கட்டியவனுக்கு மட்டுமே ஓட்டு என்றிருந்த அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. அன்று ஓட்டு சிலருக்கே இருந்தது, அந்த ஓட்டால் அமைந்த மன்றத்துக்கு ஊர்த் தண்ணீரைத் தீர்மானிக்கும் வலு இருந்தது. இன்று ஓட்டு எல்லோருக்கும் வந்துவிட்டது, தீர்மானம் வேறெங்கோ போய்விட்டது. ஓட்டு கீழே இறங்க இறங்க முடிவெடுப்பது மேலே ஏறியிருக்கிறது. இது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

சொத்துவரியைப் பாருங்கள். மேயர் தேர்வு 2022 மார்ச் 4. ஒரு மாதம் ஆகுமுன்பே சொத்துவரி உயர்வை அறிவித்தது மாநில அரசு. கோவை போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு, கட்டடப் பரப்பைப் பொறுத்து, 25 முதல் 100 சதவீதம் வரை. ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு போட்ட நிபந்தனை என்றது மாநிலம். தில்லி சென்னையைக் காட்டுகிறது, சென்னை தில்லியைக் காட்டுகிறது, தீர்மானம் போட்டுத் தலையாட்டும் பொறுப்பு மாமன்றத்துக்கு. வீட்டுக்காரர் வந்து கத்துவது மட்டும் கவுன்சிலரிடம்.

மேயர் தேர்வும் இதேபோலத்தான் ஊசலாடியது. 1996, 2001இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் வழியாக. 2011இல் மறுபடி நேரடி. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மறுபடி மறைமுகம். எந்த ஆளுங்கட்சிக்கு எப்போது எது வசதியோ அது. கோவையில் 2022இல் கல்பனா போட்டியின்றித் தேர்வானார். 2024 ஜூலையில் பதவி விலகினார். ஆகஸ்டில் ரங்கநாயகி போட்டியின்றித் தேர்வானார். இரண்டு மேயர்கள் வந்தார்கள், இரண்டு முறையும் ஒரு வாக்குச்சீட்டும் எண்ணப்படவில்லை.

5

அப்படியானால் இதெல்லாம் வெறும் நாடகம், புறக்கணிப்போம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம்.

உள்ளாட்சிப் பதவி அற்பமானது என்றால் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை 1997இல் ஏன் வெட்டிக் கொன்றார்கள்? ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்காருவது எதைக் குலைக்கும் என்று கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர் என்பதே சாதியின் வாழிடம் என்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் கொடுத்த எச்சரிக்கையை நாம் நகரத்து வார்டுக்கும் நீட்டிப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் 1871இன் பாரிஸ் கம்யூன் என்பது, நகரத்து வார்டுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறத்தக்க கவுன்சிலர்களின் அவைதான் என்பதை மார்க்ஸ் வழியாக நாம் படித்திருக்கிறோம். வார்டு என்ற வடிவத்துக்கு இந்த இரண்டு சாத்தியங்களும் உண்டு.

கோவையில் இந்த இரண்டும் மோதும் இடம் குப்பை. நகரைச் சுத்தம் செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். 2009இல் கல்வியிலும் அரசு வேலையிலும் அவர்களுக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. உள்ளாட்சி இடங்களில் அப்படி ஏதுமில்லை. 2022 அக்டோபரில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாய் தினக்கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே மாதம் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் பல நிரந்தரப் பணியிடங்களை ஒழித்து வெளிமுகமைக்கு வழிவிட்டது. அவர்கள் அள்ளும் குப்பை போய்ச்சேரும் வெள்ளலூர்ப் பக்கத்து மக்களில் பலர் 2022இல் மாநகராட்சி வாக்காளர்களே அல்ல. அவர்களுக்குத் தனிப் பேரூராட்சி. நாற்றத்தை அனுபவிப்பவருக்கு அந்த மன்றத்தில் ஓட்டில்லை. 2011இல் மூன்று நகராட்சிகள், ஏழு பேரூராட்சிகள், ஓர் ஊராட்சியை விழுங்கி 72 வார்டிலிருந்து 100 வார்டாக மாநகராட்சி பெருத்தபோது, எல்லைக்கோடு எங்கே வளைந்தது, எங்கே வளையவில்லை என்பதும் அரசியல்தான்.

2016 சட்டத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு வந்தன. கோவை மேயர் பதவியும் 2022இல் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால்தான் இந்த நகரம் முதல்முறையாக ஒரு பெண் மேயரைப் பார்த்தது. "வீட்டுக்காரர்தானே எல்லாம் பார்க்கிறார்" என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. பல இடங்களில் அது நிஜமும்கூட. ஆனால் ஆண் கவுன்சிலருக்குப் பின்னால் மாவட்டச் செயலாளரும் காண்ட்ராக்டரும் நின்று "எல்லாம் பார்ப்பதை" நாம் அப்படிக் கேலி செய்வதில்லையே.

6

எழுதுகிறவர்களும் இயக்கத்தில் இருப்பவர்களும் இனி ஒரு தேர்தல் முடிவை எப்படி வாசிப்பது? சில நடைமுறை யோசனைகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இடங்களின் எண்ணிக்கையோடு நிற்காமல் ஒவ்வொரு வார்டிலும் இரண்டாவது, மூன்றாவது வந்தவரின் வாக்கைப் பாருங்கள். அங்கேதான் அடுத்த தேர்தல் இருக்கிறது. வாக்களிக்காதவர் எத்தனை பேர், எந்த வார்டில் என்று பாருங்கள். எதிர்க்கட்சியே இல்லாத மன்றத்தில் எதிர்ப்பு என்ன வடிவம் எடுக்கிறது என்று பாருங்கள். 96 பேரில் எட்டுப் பேர் இரு கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள். தண்ணீர் ஒப்பந்தமும் வெளிமுகமையும் தீர்மானமாக வரும்போது அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வி, அதிமுகவின் மூன்று பேர் வெளிநடப்புச் செய்தார்களா என்பதைவிட நமக்கு நெருக்கமானது.

மூன்று லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும் என்று 74ஆம் திருத்தம் 1993இலேயே சொன்னது. தமிழ்நாட்டில் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. பக்கத்துக் கேரளத்தில் 1996இலேயே திட்ட நிதியில் 35 சதவீதத்துக்கு மேல் உள்ளாட்சிக்கு ஒதுக்கி மக்கள் திட்டம் தொடங்கியது. வாளையாறு தாண்டினால் அந்த மாநிலம். நம் பகுதி சபை சம்பிரதாயமாகத்தான் நடக்கும் என்று தெரிந்தே போவோம். போய் உட்கார்ந்து, சூயஸ் ஒப்பந்தத்தின் நகலைத் தமிழில் வையுங்கள் என்று கேட்போம். குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் ஆளுக்கு எவ்வளவு வாங்கி எவ்வளவு கொடுக்கிறார் என்ற கணக்கைக் கேட்போம். கேட்டது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று அடுத்த கூட்டத்தில் சரிபார்ப்போம்.

முடிவு வெளியான நாளோடு நம் வாசிப்பு முடிந்துவிடுகிறது. அந்த நாளுக்குப் பிறகு ஐந்தாண்டு மாமன்றம் தன் தீர்மானங்களை எழுதிக்கொண்டே போகிறது. அந்தப் பிரதியை வாசிக்க ஆளில்லை.